விண்மீன் திரள்களுக்கும் அக்கம்பக்கம் உண்டு

வானியல் பாடநூலில் விண்மீன் திரள்கள் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் ஒரே படத்தோடு தொடங்கும்: எட்வின் ஹபிளின் இசைக்கவை. 1926இல் தாம் வகுத்த பிரிவுகளை, 1936இல் வெளிவந்த நூலில் அவர் அப்படி வரைந்து காட்டினார். கைப்பிடியில் நீள்வட்டத் திரள்கள். கவை பிரியும் இடத்தில், தட்டு உண்டு ஆனால் சுருள்கரம் இல்லை என்னும்படியான வில்லைத் திரள்கள். இரண்டு கிளைகளிலும் சுருள் திரள்கள். ஒரு கிளையில் இருப்பவற்றுக்கு நடுவே பட்டை உண்டு, மற்றதில் இருப்பவற்றுக்கு இல்லை. மாணவர்கள் இதை வரையக் கற்கிறார்கள், பெயர் எழுதக் கற்கிறார்கள், தேர்வில் மதிப்பெண் வாங்குகிறார்கள்.

எந்தத் திரள் எங்கே வாழ்கிறது என்ற கேள்வி அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரியாக வரும். நெருக்கமான கொத்துகளில் நீள்வட்டமும் வில்லையும் அதிகம். ஒதுக்குப்புறங்களில் சுருள் அதிகம். மாணவர் அதை அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு விவாதம் நிற்கிறது. அது இன்றும் ஓயவில்லை. வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, அக்கம்பக்கம் என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்பதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தப் பாடத்தின் கடினமான பாதி அதுதான். ஓர் அறிவியல் முடிவு எப்படி உருவாகிறது என்பதை மாணவர் உள்ளிருந்து பார்ப்பதும் அங்கேதான்.

இசைக்கவைப் படம் செய்யும் கெடுதல் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடமிருந்து வலமாகச் செல்லும் பாதை போல அது தோன்றுவதால், நீள்வட்டத் திரள் வளர்ந்து சுருள் திரளாகிறது என்று மாணவர் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார். இன்று நாம் அறிந்தவரை, மாற்றம் நடந்தால் அது பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கிறது. சுருள் திரள் தன் வாயுவை இழந்து வில்லை போல் ஆகலாம். இரண்டு சுருள்கள் இணைந்து நீள்வட்டமாகலாம். இந்தத் திசையை நமக்குக் காட்டிக்கொடுத்ததில் அக்கம்பக்க ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கொத்துகளில் நீள்வட்டத் திரள்கள் மிகுந்திருப்பதை ஹபிளும் மில்டன் ஹியூமசனும் 1931லேயே குறிப்பிட்டிருந்தார்கள். அதை ஓர் அளவுகோலாக மாற்றியவர் ஆலன் டிரெஸ்லர். 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 55 கொத்துகளைச் சேர்ந்த சுமார் 6,000 திரள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வடிவத்தையும் ஒளிப்படத் தகட்டில் கண்ணால் பார்த்து வகைப்படுத்தினார். பிறகு ஒவ்வொரு திரளுக்கும் அதன் மிக அருகிலுள்ள பத்து அண்டைத் திரள்கள் எவ்வளவு பரப்பில் அடங்குகின்றன என்று கணக்கிட்டார். பரப்பு சிறிதென்றால் நெருக்கம் அதிகம். நெருக்கத்தை ஓர் அச்சிலும் வடிவங்களின் விகிதத்தை மற்றோர் அச்சிலும் வைத்தபோது கோடுகள் தெளிவாகச் சரிந்தன, ஏறின. ஒதுக்குப்புறத்தில் 80 சதவீதம் அளவுக்கு இருந்த சுருள் திரள்கள், மிக நெருக்கமான மையப் பகுதிகளில் 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. அவற்றின் இடத்தை நீள்வட்டங்களும் வில்லைகளும் பிடித்துக்கொண்டன. நான்கு ஆண்டுகள் கழித்து மார்க் போஸ்ட்மனும் மார்கரெட் கெல்லரும் இதே போக்கு பெரிய கொத்துகளுக்கு வெளியே, சிறு குழுக்கள் வரை நீள்வதைக் காட்டினார்கள்.

டிரெஸ்லரின் வரைபடத்தை முதல் நாளே கரும்பலகையில் வரைந்துவிடக் கூடாது. விடை தெரிந்தபின் எண்ணச் சொன்னால் மாணவர் விடைக்கு ஏற்பவே எண்ணுவார். வீட்டுக்கு மிக அருகில் தொடங்கி, மெல்ல வெளியே போவது நல்லது.

நம் உள்ளூர்க் குழுவில் மூன்றே பெரிய சுருள்கள்: பால்வெளி, ஆண்ட்ரோமெடா, எம்33. மற்றவை பெரும்பாலும் குறுந்திரள்கள். இந்தக் குறுந்திரள்களே முதல் பாடத்துக்குப் போதும். ஆண்ட்ரோமெடாவை ஒட்டியிருக்கும் எம்32, எம்110 இரண்டும் வழுவழுப்பானவை. புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான வாயு அவற்றில் மிகக் குறைவு. பால்வெளியைச் சுற்றிவரும் சிறு கோளக் குறுந்திரள்களும் பெரும்பாலும் அப்படித்தான். எந்தப் பெரிய திரளின் பிடியிலும் சிக்காமல் தள்ளி நிற்கும் என்ஜிசி 6822, ஐசி 1613 ஆகியவற்றில் வாயுவும் உண்டு, இளம் விண்மீன்களும் உண்டு, வடிவமோ ஒழுங்கற்றது. ஓர் அட்டவணையில் தூரத்தையும் வாயுவையும் எழுதச் சொன்னால் போக்கு தானாகத் தெரிந்துவிடும்.

உடனே விதிவிலக்கும் தென்படும். பெரிய, சிறிய மெகல்லன் மேகங்கள் முறையே சுமார் 1,60,000, 2,00,000 ஒளியாண்டுத் தொலைவில், பால்வெளிக்கு மிக நெருக்கத்தில் இருந்தும் வாயு நிறைந்தவை. ஏன்? அவை மற்றக் குறுந்திரள்களைவிட நிறை மிகுந்தவை. ஹபிள் தொலைநோக்கியால் அளந்த வேகங்களை வைத்துப் பார்த்தால், அவை பால்வெளியின் அருகே வருவது அநேகமாக இதுவே முதல் முறை. ஆக, எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதும் அக்கம்பக்கத்தின் பகுதி. இந்த ஒரு விதிவிலக்கை மாணவர்களே கண்டுபிடித்துக் கேட்டுவிட்டால், பாடம் பாதி வென்றுவிட்டது.

அடுத்த படி கன்னிக் கொத்து. சுமார் 5 கோடியே 40 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் கொண்டது. மையத்தை ஒட்டி எம்87, எம்84, எம்86 என்னும் பெரிய நீள்வட்ட, வில்லை வகைத் திரள்கள். விளிம்புகளை நோக்கி எம்99, எம்100, எம்61 போன்ற அழகான சுருள்கள். தரவுத்தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கும் படங்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். ஆனால் அளக்க உட்கார்ந்தவுடன் சிக்கல்கள் வரிசையாக வரும். அவற்றைத் தவிர்க்காமல் எதிர்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதல் சிக்கல் தூரம். வானம் தட்டையாகத் தெரிகிறது; பக்கத்தில் தெரியும் இரண்டு திரள்களில் ஒன்று பல மடங்கு பின்னால் இருக்கலாம். செம்பெயர்ச்சியால் விலகும் வேகத்தை அளந்து, வேகம் கூடினால் தூரமும் கூடும் என்னும் ஹபிள் விதியால் அதைத் தூரமாக மாற்றுவதே வழக்கமான வழி. எம்86இன் நிறமாலையைக் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். அது நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஹபிள் விதி அதற்கு எதிர்மறைத் தூரம் தரும்! கொத்தின் ஈர்ப்புக்குள் திரள்கள் நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் இங்குமங்கும் பாய்வதால் வரும் விளைவு இது. நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேக வேறுபாடு, தூரக் கணக்கில் ஏறக்குறைய 4 கோடியே 60 லட்சம் ஒளியாண்டுப் பிழையாக மாறும். கன்னிக் கொத்துக்கும் நமக்கும் உள்ள தொலைவோடு அதை ஒப்பிட்டால் மாணவருக்குப் பகீரென்றிருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரு வேக வரம்புக்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்து, வானத்தில் தெரியும் பரப்பில் ஐந்தாவது அல்லது பத்தாவது அண்டை வரையிலான தூரத்தை அளக்கிறார்கள். ஐந்தா, பத்தா என்பதற்குப் புனிதம் எதுவும் கிடையாது. சின்ன எண் சிறு குழுக்களை உணரும். பெரிய எண் கொத்து முழுவதையும் உணரும். இரண்டாலும் அளந்து பார்த்து, எந்தத் திரள்களின் இடம் மாறுகிறது என்று மாணவர் தேடட்டும்.

இரண்டாவது சிக்கல் கருவியிலிருந்து வருகிறது. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டிலிருந்து 2000ஆம் ஆண்டு முதல் வானத்தை அளந்த ஸ்லோன் ஆய்வுத் திட்டத்தின் தரவுகளே பெரும்பாலான வகுப்புப் பயிற்சிகளுக்கு அடிப்படை. ஒரு தகட்டில் துளையிட்டு ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைச் செருகி, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான திரள்களின் நிறமாலையை எடுத்தார்கள். இழைகளுக்குத் தடிமன் உண்டு என்பதால், 55 வில்விநாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டை வைக்க முடியாது. அதாவது, திரள்கள் எங்கே மிக நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கேயே சில அண்டைகள் பட்டியலிலிருந்து விடுபடும். நெருக்கத்தை அளக்க வந்தவருக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி! பாடநூல்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது.

மூன்றாவது, தொலைவு கூடக்கூட மங்கலான திரள்கள் கண்ணிலிருந்து மறைவது. ஸ்லோனின் முதன்மைத் திரள் பட்டியல் 17.77 என்ற பொலிவெண்ணோடு நிற்கிறது. அருகில் சின்னத் திரள்களும் எண்ணப்படும். தொலைவில் பெரியவை மட்டுமே எண்ணப்படும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், தொலைவிலுள்ள இடங்களெல்லாம் வெறுமையாகத் தோன்றும். ஒரு குறிப்பிட்ட தூரம் வரை எங்கும் தெரியக்கூடிய பொலிவுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும். கையில் உள்ள தரவில் பாதியைத் தூக்கிப் போடச் சொன்னால் மாணவர்கள் முதலில் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டு விளக்க வேண்டும்.

வடிவத்தின் பக்கமும் எளிதல்ல. 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டம், ஸ்லோன் எடுத்த ஏறக்குறைய 9 லட்சம் திரள்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. ஓர் ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 5 கோடி தடவைக்கு மேல் வகைப்படுத்தினார்கள். ஒரே திரளைப் பலர் பார்ப்பதால், எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள் என்பதே நம்பகத்தின் அளவாகியது. சுருள்களில் கடிகார எதிர்த்திசையில் சுழல்பவை அதிகம் என்று முடிவு வந்தபோது, படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டிச் சோதித்தார்கள். அப்போதும் கடிகார எதிர்த்திசையே அதிகம் என்று வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருந்தது. தொலைவிலுள்ள சுருள்களின் கரங்கள் மங்கி வழுவழுப்பாகத் தெரிவதால் அவை நீள்வட்டமாகப் பதிவாகும் பிழையையும் அவர்கள் கணக்கிட்டுத் திருத்தினார்கள். தொலைவிலுள்ள கொத்தில் நீள்வட்டம் மிகுதி என்று எண்ணிவந்த மாணவர், அது உண்மையா, மங்கலா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கண் சொல்லும் வடிவமே முழு உண்மையா என்ற ஐயத்தை 2011இல் அட்லஸ்-3டி திட்டம் எழுப்பியது. அருகிலுள்ள 260 நீள்வட்ட, வில்லை வகைத் திரள்களுக்குள் விண்மீன்கள் எப்படி இயங்குகின்றன என்று அளந்தபோது, நீள்வட்டம் என்று பெயர் வாங்கியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, தட்டுகளைப் போல வேகமாகச் சுழல்பவையாக இருந்தன. சுழற்சி குறைந்த உண்மையான உருண்டைகள் சிலவே. கன்னிக் கொத்தில் அவை ஏறக்குறைய எல்லாமே நெருக்கமான மையத்தில்தான் கிடந்தன. வடிவத்தை வேறு விதமாக வரையறுத்தபோது அக்கம்பக்கத் தொடர்பும் வேறு விதமாகத் தெரிந்தது.

வகுப்பில் இதைச் செய்ய நான் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி படங்களை மட்டும் பார்த்து வடிவம் எழுதட்டும். அவை கொத்தைச் சேர்ந்தவையா என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, அண்டைகள் தெரியாதபடி படத்தை வெட்டிவிட வேண்டும். மறுபாதி ஆயத்தொலைவுகளையும் செம்பெயர்ச்சியையும் மட்டும் வைத்து நெருக்கத்தைக் கணக்கிடட்டும். அவர்கள் படத்தையே பார்க்கக் கூடாது. ஒவ்வொரு திரளுக்கும் ஓர் எண் மட்டும் பொது. இரண்டு பட்டியல்களும் கடைசி நாளில் சேர வேண்டும். அப்போது வரைபடத்தில் ஒரு போக்கு தெரிந்தால், அது யாருடைய எதிர்பார்ப்பிலிருந்தும் வந்ததல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை திரள்கள் வேண்டும் என்பதையும் அவர்களே கணக்கிடட்டும். நெருக்கமான இடத்தில் 20 திரள்களில் 12 வழுவழுப்பானவை, ஒதுக்குப்புறத்தில் 20இல் 8 என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதமும் 40 சதவீதமும் பெரிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் எண்ணிலும் சுமார் 11 சதவீதப் புள்ளிகள் பிழை உண்டு. இரண்டின் வேறுபாட்டில் பிழை 15 புள்ளிகளைத் தாண்டும். 20 புள்ளி வேறுபாட்டை அதன்மேல் நின்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கமும் 100 திரள்கள் என்றால் பிழை 7 புள்ளிகளுக்குச் சுருங்கும். அப்போது அதே வேறுபாடு பேசத் தகுந்ததாகிவிடும். டிரெஸ்லருக்கு ஏன் 6,000 தேவைப்பட்டது என்பது இதற்குப் பிறகு விளக்காமலே புரியும்.

இனி காரணம். இங்கேதான் கற்பித்தல் அதிகம் தடுமாறுகிறது. நெரிசல் அதிகம், ஆகவே மோதல் அதிகம், ஆகவே நீள்வட்டம் அதிகம் என்று மாணவர் மூன்றே அடியில் ஓடிவிடுவார். ஆலர், யூரி தூம்ரே சகோதரர்கள் 1972இல் செய்த கணினி உருவகங்கள், இரண்டு தட்டுகள் நெருங்கினால் நீண்ட வால்களும் பாலங்களும் தோன்றும் என்று காட்டின. அவ்வாறான தட்டுகள் இணைந்து நீள்வட்டமாகும் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. அது சரிதான். ஆனால் பெரிய கொத்துக்குள் திரள்கள் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன. அந்த வேகத்தில் பெரும்பாலும் அவை ஊடுருவிப் போய்விடும், இணையாது. இதன் அடிப்படை இயற்பியலை 1943இல் எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். ஈர்ப்புப் புலத்தின் வழியே பாயும் ஒரு பொருளைச் சுற்றியுள்ள நிறைகள் பின்னுக்கு இழுக்கும். வேகம் மிகும்போது அந்த இழுப்பு வேகத்தின் இருமடிக்கு எதிராகக் குறையும் என்று அவர் காட்டினார். விண்மீன்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கணக்கு திரள்களுக்கும் பொருந்துகிறது. ஆகவே இணைவதற்கு ஏற்ற இடம், வேகம் குறைவான சிறு குழு. கொத்தின் மையத்திலுள்ள நீள்வட்டங்களில் பல, கொத்துக்குள் விழும் முன்பே சிறு குழுக்களில் உருவாகியிருக்க வேண்டும். அக்கம்பக்கம் என்பது இன்றைய முகவரியை மட்டும் குறிப்பதல்ல என்ற செய்தி, மெகல்லன் மேகங்களுக்குப் பிறகு இரண்டாம் முறையாக இங்கே வருகிறது.

வில்லைத் திரள்களின் கதை வேறு. 1972இல் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும், கொத்தை நிறைத்திருக்கும் சூடான வாயுவைச் சுட்டிக்காட்டினார்கள். அது கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ளது. எக்ஸ் கதிரில் ஒளிர்வது. சந்திரசேகரின் பெயரால் 1999இல் ஏவப்பட்ட சந்திரா விண்தொலைநோக்கி அதை நுணுக்கமாகப் படமெடுத்தது. ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால், காற்று அசையாமல் நின்றாலும் கை பின்னே தள்ளப்படும். கொத்துக்குள் பாயும் திரளின் வாயுவுக்கும் அதுவே நேர்கிறது. விண்மீன்களை அது தள்ளுவதில்லை, வாயு மட்டும் உரிந்து பின்னால் வாலாக நீள்கிறது. நார்மா கொத்திலுள்ள இஎஸ்ஓ 137-001 என்ற சுருள் திரளின் எக்ஸ் கதிர் வால் 2 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீண்டிருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்த மாணவர் இந்த வழிமுறையை மறக்க மாட்டார்.

மெதுவான வழி ஒன்றும் உண்டு. 1980இல் ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்டுவெல் மூவரும் முன்வைத்தது: திரளின் கையிருப்பு வாயு அப்படியே இருக்கும், வெளியிலிருந்து வந்து சேரும் புது வாயு மட்டும் நின்றுபோகும். இருப்பு தீர்ந்ததும் விண்மீன் பிறப்பு அடங்கும். இரண்டில் எது என்று பிரித்தறிய முடியுமா? முடியும். சட்டென்று உரிந்தால் விண்மீன்களின் உலோகச் செறிவு அப்படியே நின்றுவிடும். மெல்ல வற்றினால், இருக்கும் வாயுவே மறுபடி மறுபடி விண்மீனாகி உலோகச் செறிவு ஏறும். 2015இல் யிங்ஜீ பெங்கும் அவர் குழுவினரும் இந்தச் சோதனையைச் செய்து, மெல்ல வற்றுவதே முதன்மை வழி என்று வாதிட்டார்கள். கருதுகோள்களை எப்படி மோதவிட்டுத் தீர்ப்புக் கேட்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

காலத்தில் பின்னோக்கிப் பார்த்தவர்களின் சான்றும் இதோடு சேர வேண்டும். 1978இல் ஹார்வி புட்சரும் அகஸ்டஸ் ஓம்லரும், 400 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி வந்துசேரும் கொத்துகளில் நீல நிறத் திரள்கள் எதிர்பாராத அளவு மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அவற்றில் பல சுருள்கள் என்று ஹபிள் தொலைநோக்கி பிறகு காட்டியது. 1997இல் டிரெஸ்லரும் குழுவினரும் அக்காலக் கொத்துகளை எண்ணியபோது, நீள்வட்டங்கள் இன்றுபோலவே நிறைய இருந்தன. வில்லைகளோ இன்றைய அளவில் பாதிக்கும் குறைவு, அந்த இடத்தில் சுருள்கள். நீள்வட்டங்கள் முன்பே உருவாகிவிட்டன, சுருள்கள் பின்னர் வில்லைகளாயின என்பதே இதற்கு நேரான பொருள்.

நிறையையும் மறக்க முடியாது. நெருக்கமான இடங்களில் பெருநிறைத் திரள்கள் அதிகம். பெருநிறைத் திரள்கள் எங்கிருந்தாலும் சிவந்து அடங்கிப்போகும் போக்குடையவை. நிறையைச் சமமாக்கிப் பார்த்தால் அக்கம்பக்கத்தின் கை எவ்வளவு மிஞ்சும்? 2009இல் ஸ்டீவன் பேம்ஃபர்டும் கேலக்ஸி ஜூ குழுவினரும் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. அக்கம்பக்கம் நிறத்தைப் பலமாகப் பாதிக்கிறது, வடிவத்தை அதைவிடக் குறைவாக. கொத்துகளின் புறப்பகுதிகளில் சுருள்கரங்கள் இருந்தும் சிவந்துபோன திரள்கள் கணிசமாக உண்டு: விண்மீன் பிறப்பு நின்றுவிட்டது, உருவம் இன்னும் மாறவில்லை. நிறமும் வடிவமும் ஒன்றே என்று எண்ணி, சிவப்பென்றால் நீள்வட்டம் என்று குறிக்கும் மாணவருக்கு இந்தச் சிவப்புச் சுருள்களைக் காட்ட வேண்டும்.

இப்போது படங்களை வகைப்படுத்துவதைக் கணினிகள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன. சிலியின் செர்ரோ பச்சோனிலுள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில் கன்னிக் கொத்தின் ஒரு பகுதி இருந்தது; வரும் ஆண்டுகளில் அது நூறு கோடிக்கணக்கான திரள்களின் உருவத்தைப் பதிவு செய்யும். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை கிடைக்காது. நிறங்களை வைத்து ஊகிக்கும் தூரமே மிஞ்சும். அந்த ஊகத்தின் பிழை ஒரு கொத்தின் அகலத்தைவிடப் பல மடங்கு பெரியது. யார் யாருக்கு அண்டை என்று சொல்ல, டெசி போன்ற நிறமாலை ஆய்வுகளையே நாட வேண்டியிருக்கும். 2025 மார்ச்சில் டெசி தன் முதல் பெருந்தொகுப்பைப் பொதுவில் திறந்துவிட்டது. இணைய வசதியுள்ள எந்தக் கல்லூரி மாணவரும் அந்தத் தொகுப்பைக் கொண்டு, தமக்குப் பிடித்த வானத் துண்டு ஒன்றில் ஐந்தாவது அண்டையைத் தேடத் தொடங்கலாம்.